தாய்மாமன் பெயர் போட்ட பேனர்

அண்ணே,

போன சனிக்கிழமை என் மகளின் கிராஜுவேஷன் பார்ட்டிக்குச் சொல்லிவைத்திருந்த பேனரை வாங்கி வரப் போனேன். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிடத் தூரத்தில் ஒரு பிரின்ட் கடை. அப்போதுதான் மெஷினிலிருந்து வெளியே வந்த ஃப்ளெக்ஸைக் கடைக்காரர் மேஜைமேல் விரித்தார். பிளாஸ்டிக்கும் மையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஓரடி பின்வாங்கினேன். படத்தில் மகள் கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தை விட்டுவிட்டு, ஓரங்களில் வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த மகள் என் முழங்கையைத் தொட்டு, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஓகே என்று சொல்லிவிட்டு, பேனரைச் சுருட்டிக் காரில் ஏற்றினேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. பத்து வருடமாக உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அடித்த பேனரால்தான் கெய்ரோவில் உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்களா? ஒவ்வொரு முறையும் இல்லை என்றீர்கள். இப்போது எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அண்ணே' என்ற ஒரு சொல்லைத் தவிர உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் யார் எங்கே உட்கார்ந்து படிப்பார்களோ என்ற பயம், உங்களிடமிருந்து என்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது. இதில் யார் பெயரும் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

அந்த 'அண்ணே' எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜெர்சி சிட்டியில் ஆற்றை ஒட்டிய ஒரு வங்கிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. நீங்கள் மெயின்ஃப்ரேம் ஆள், நான் டெஸ்டிங், இருவருமே கான்ட்ராக்ட். அந்த மாடியில் நாங்கள் ஆறு தமிழர்கள். ஒருவரை ஒருவர் அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, என்னைவிட ஒன்பது வயது மூத்த நீங்கள் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "அண்ணே, டீ?" என்றீர்கள். மாடியே சிரித்தது. நான் எழுந்து நின்று, "சொல்லுங்கண்ணே" என்றேன். அன்றிலிருந்து நான் உங்களுக்கு அண்ணன், நீங்கள் எனக்கு அண்ணன். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவே இல்லை.

பிறகு வேலை மன்ஹாட்டனுக்கு மாறியது. ஜர்னல் ஸ்குவேரிலிருந்து காலை ஏழு நாற்பது ரயில், இருவரும் கடைசிப் பெட்டி. உங்கள் இங்கிலீஷ் இப்போதும் என் காதில் இருக்கிறது, ஆனால் அதை எங்கள் மதுரைப் பேச்சிலேயேதான் எழுதமுடிகிறது. எனக்குள் நீங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர் இரண்டு ஜனாதிபதிகளை அடக்கம் செய்த கதையை அந்த ரயிலில்தான் சொன்னீர்கள். முதலாமவர் இறந்தபோது உங்களுக்கு எட்டு வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பாலத்தின் மேல் சவப்பெட்டி போவது தெரியவில்லை, மனிதத் தலைகள் மட்டும் தெரிந்தன. விளக்குக் கம்பங்களில் ஆட்கள் தொங்கினார்கள். உங்கள் அப்பா அழுதார்; அந்த ஜனாதிபதியின் போலீஸ்தான் அவரை இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தது, அப்படியும் அழுதார். "ஏம்ப்பா அழுறேன்னு கேட்டேன். எல்லாரும் அழுறாங்கல்ல, பேசாம இருன்னாரு" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

இரண்டாமவரை ராணுவ அணிவகுப்பில் வைத்து அவருடைய சிப்பாய்களே சுட்டார்கள். உங்களுக்கு அப்போது பத்தொன்பது. அந்த வாரம் பக்ரீத். அடக்கத்தன்று வெளிநாட்டுத் தலைவர்கள் எல்லாம் வந்து நடந்தார்கள், தெருவில் உங்கள் ஜனம் இல்லை. வரவிடவில்லை என்பது பாதி, வர விருப்பமில்லை என்பது பாதி. உங்கள் அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியில் சத்தத்தைக் குறைத்தார். "அழுதாலும் பயம், அழாட்டியும் பயம், அண்ணே. யாரு எதை எண்ணிக்கிட்டு இருக்கான்னு தெரியாது" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "எங்க ஊர்ல செத்தவனை எண்ண மாட்டாங்க. அழுதவனைத்தான் எண்ணுவாங்க."

நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள எங்கே நேரம் கொடுத்தேன்? உடனே எங்கள் ஊர்க் கதையை எடுத்துவிட்டேன். எங்கள் முதலமைச்சர் இறந்த அன்று மதுரையில் கடைகள் அடைத்ததையும், பஸ்கள் எரிந்ததையும், எங்கள் தெருவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டதையும் சொன்னேன். சொந்த அப்பன் செத்தபோது முடி இறக்கத் தயங்கியவர்கள்கூட அன்று உட்கார்ந்தார்கள். மதுரையில் செத்தவர் முகம் ஒரு வாரமாவது சுவரில் இருக்க வேண்டும், சுற்றி அழுகிறவர்கள் முகமும் இருக்க வேண்டும், பெயரோடு. பெயர் விட்டுப்போனால் ஜென்மப் பகை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். "அழுறவன் போட்டோவையுமா போடுவீங்க?" என்றீர்கள். அதை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. ரயிலில் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கெய்ரோவில் உங்கள் அக்கா மகன் செத்துப்போனான் என்றீர்கள். இருபத்துநான்கு வயது, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவனுடைய நண்பன் ஒருவன் போராட்டம் நடந்த சதுக்கத்தில் குண்டடிபட்டு இறந்திருக்கிறான். அந்த நண்பனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனவர்களில் இவனும் ஒருவன். ஊர்வலம் ஒரு திருப்பத்தில் திரும்பும்போது சுட்டிருக்கிறார்கள்.

"எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான், வெள்ளைக்காரன் இருக்கும்போது. ஊர்வலத்துல சுடுவான். செத்தவனுக்கு மறுநாள் ஊர்வலம். அதுலயும் சுடுவான். சுடுறவன்தான் மாறியிருக்கான்" என்றீர்கள். மீதியைச் சொல்லும் முன் பெட்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தீர்கள். நியூ ஜெர்சி ரயிலில், தூங்கி வழியும் ஆபீஸ்காரர்களுக்கு நடுவில். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். உடலைத் தர வேண்டுமானால் ரோட்டில் வண்டி மோதிச் செத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். பையனுக்கு அப்பா இல்லை. உங்கள் தம்பிதான் போட்டார். மூன்று மணி நேரத்துக்குள் புதைக்க வேண்டும், பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது, தெருவில் துக்கப் பந்தல் போடக் கூடாது. அக்காவை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதார்களாம்.

அதனால் இங்கே ஜெர்சி சிட்டியில் ஒரு சின்ன ஹாலில் துக்கத்துக்குக் கூடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் என்னிடம் கேட்டது. வரச் சொன்னீர்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அக்கா மகன் என்றால் தாய்மாமன் உயிரையே விடுவான். மொட்டை அடிப்பது, காது குத்துவது, கல்யாணப் பத்திரிகை, எதிலும் தாய்மாமன் பெயர் இல்லாமல் ஒரு எழுத்து அச்சாகாது. அப்படிப்பட்ட தாய்மாமனைத் தெருவில் நின்று அழக்கூட விடவில்லையா? பொய்க் கையெழுத்துப் போடவைத்தார்களா? அமெரிக்காவில் யார் தடுப்பது, பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். மதுரைக்காரனுக்கு ரோஷம் வந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பேனர்.

என் மனைவி அப்போதே சொன்னாள். "ஏங்க, அவங்க வீட்டுத் துக்கம். பேனர் வேணும்னு கேட்டாங்களா? ஒரு ஃபோன் பண்ணி அண்ணன்கிட்டயே கேட்டுருங்களேன்."

"துக்க வீட்டுல போய் யாராச்சும் பெர்மிஷன் கேப்பாங்களா? செய்யறதைச் செஞ்சுட்டுப் போகணும்" என்றேன்.

"நம்ம ஊர்ல சரி. அவங்க ஊர்ல எப்படியோ?"

"எந்த ஊரா இருந்தாலும் தாய்மாமன் தாய்மாமன்தான்" என்றேன். இந்த ஒரு வரியை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறடிக்கு நாலடி. நடுவில் உங்கள் அக்கா மகன், வெள்ளைக் கோட்டோடு. மேலே இரண்டு பக்கமும் வட்டத்துக்குள் தாய்மாமன்கள் இருவர்: இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் உங்கள் தம்பி, முழுப் பெயரோடு, கொட்டை எழுத்தில். தம்பியின் படத்தை ஃபேஸ்புக்கில் எடுத்தேன். கீழே பன்னிரண்டு முகங்கள். சித்தப்பா பிள்ளைகள், மருந்துக்கடை நண்பர்கள், அவன் படத்துக்குக் கீழே அழுது எழுதியிருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். யாரும் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு! 'நண்பனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட எங்கள் செல்வத்துக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று நான் தமிழில் யோசித்ததை இங்கிலீஷில் பெரிதாகப் போட்டேன். அதை அப்படியே ஃபேஸ்புக்கிலும் ஏற்றி, ஒவ்வொருவர் பெயரையும் டேக் பண்ணினேன்.

ஞாயிறு மதியம் நானும் ஆபீஸ் தமிழர் ஒருவரும் சீக்கிரமே வந்து, வெஸ்ட் சைட் அவென்யூ பக்கம் அந்த ஹாலுக்கு வெளியே இருந்த கம்பி வேலியில் பேனரைக் கட்டினோம். தூரம் போய் நின்று கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. முதலில் ஒரு பெரியவர் வந்தார். நின்று படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு உள்ளே போகாமல் வந்த வழியே திரும்பி நடந்தார். யாரையோ கூட்டிவரப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்து வந்த கணவன் மனைவி காரை நிறுத்தினார்கள், கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஃபோனில் படம் எடுத்தார். அவர் ஹாலுக்கு வரவே இல்லை. யார் என்று உங்களுக்கும் தெரியவில்லை என்று பின்னால் சொன்னீர்கள்.

யாரோ சொல்லி நீங்கள் வெளியே வந்தீர்கள். அந்த முகத்தை நான் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் எழுதத்தான் வேண்டும். வண்ணமெல்லாம் வடிந்துபோன முகம். பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தீர்கள். வலது பக்க வட்டத்தில் ஒரு விரலை வைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப அழகா இருக்கு, அண்ணே" என்றீர்கள். "காத்து அடிக்குது, கிழிஞ்சுடும். உள்ள வெச்சுக்கலாம்." பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அதன் பல்லால் பிளாஸ்டிக் கட்டுகளை அறுத்தீர்கள். மடித்து உங்கள் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டீர்கள். காற்றே இல்லாத மதியம் அது.

உள்ளே ஆண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் குரான் ஓதுவது ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கோப்பையில் காபி வந்தது, சீனி இல்லாமல். நான் பக்கத்தில் இருந்தவரிடம் சீனி கிடைக்குமா என்று கேட்டுத் தொலைத்தேன். துக்கத்துக்குச் சீனி போடுவதில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். நாற்பது நாற்காலி போட்டிருந்தீர்கள். பதினொரு பேர் இருந்தோம். நீங்கள் என் அருகில் வந்து உட்கார்ந்து, காதோடு, "இன்டர்நெட்ல எங்கயாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டீர்கள். போட்டேன் என்றேன். எத்தனை மணிக்கு என்றீர்கள். காலையில் என்றேன். "இப்ப எடுத்துருங்க" என்றீர்கள், ரொம்ப சாதாரணமாக. நான் நடைபாதையில் நின்று அழித்தேன். அதற்குள் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

பதினெட்டாவது நாள் ரயில் பிளாட்பாரத்தில் உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னீர்கள். எங்கே என்று தெரியாது. "என் பேனரா?" என்றேன். "சேச்சே. அவன் ஆபீஸ் யூனியன் விஷயம். ரொம்ப நாளா அவன்மேல கண்ணு" என்றீர்கள். அவ்வளவு வேகமாக வந்த பதில். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பதினொரு மாதம். தினமும் ஏழு நாற்பது ரயிலுக்கு நான் ஏழு இருபத்தைந்துக்கே போய் நின்றுவிடுவேன். நீங்கள் ஃபோனைக் காதில் வைத்தபடி எஸ்கலேட்டரில் வருவீர்கள். நான் முகத்தைப் பார்ப்பேன், நீங்கள் தலையை இடதும் வலதுமாக ஒரு தடவை ஆட்டுவீர்கள். செய்தி இல்லை. மூன்றாவது மாதத்தில் உயிரோடு இருக்கிறார், இன்ன சிறையில் இருக்கிறார் என்று தெரிந்தது. அன்று நீங்கள் தலையாட்டவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு ரயில் வரும்வரை நின்றீர்கள். அந்தப் பன்னிரண்டு முகங்களில் இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்றும் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். நான் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். என் மனைவி எதுவும் கேட்கவில்லை. சொன்னேனே என்றும் சொல்லவில்லை, அதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி.

அவர் வெளியே வந்த அன்று நீங்கள் ஆபீசுக்குப் பஸ்பூசா கொண்டுவந்தீர்கள். நம் ரவாகேசரியை ஓவனில் வைத்து எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு மட்டும் இரண்டு துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். "அண்ணே, நிஜமா சொல்லுங்க. என்னாலயா?" "சாப்பிடுங்க. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஆள்னு நெனப்பு? கெய்ரோ போலீசுக்கு மதுரைக்காரன்தான் வந்து சொல்லித்தரணுமா?" என்று கேலி பண்ணினீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு நாங்கள் வீடு வாங்கி மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்துவிட்டோம். நீங்கள் ஜர்னல் ஸ்குவேரிலேயே இருந்தீர்கள். போகி, பொங்கல், ரம்ஜான் என்று வீடு மாறி வீடு வந்தோம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கார் கதவருகே அந்தக் கேள்வி எனக்கு வாய்வரைக்கும் வரும். சில முறை கேட்டேன், சில முறை கேட்கவில்லை. யூனியன் என்றீர்கள், ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்தான் என்றீர்கள். இரண்டு பதிலும் வேறுவேறாக இருக்கிறதே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தம்பிக்கு விசா கிடைத்தது. அதற்கு முன் மூன்று தடவை மறுத்திருந்தார்கள். வந்து பத்து நாள் உங்கள் கட்டிலருகே இருந்தார். வட்டத்துக்குள் நான் ஒட்டிய முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். படத்தில் கறுப்பு மீசை, நேரில் ஒரு மயிர்கூடக் கறுப்பில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உங்களைவிடச் சின்னவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் என்னைக் காட்டி 'அண்ணே' என்றீர்கள், அவரும் கையைக் கொடுத்து 'அண்ணே' என்றார். உங்கள் வீட்டில் எல்லோரும் அதுதான் என் பெயர் என்றே நினைத்திருந்தார்கள் போல.

நீங்கள் போன மறுநாள் உங்கள் வீட்டுச் சமையலறையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். உங்கள் மனைவியும் மகளும் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்குக் காபி ஊற்றினார், சீனி இல்லாமல். நான் அவரிடம் கேட்டேன். பத்து வருடம் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை.

அவர் ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்த உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தான். அவன் இருக்கிற வரைக்கும் காப்பாத்திட்டேன்" என்றார். "ஆமா. அதை வெச்சுத்தான் கூட்டிட்டுப் போனாங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மேஜைமேல கலர்ல பிரின்ட் எடுத்து வெச்சிருந்தாங்க. 'இந்த வட்டத்துல இருக்கிறது நீதானே? வண்டி மோதிச் செத்தான்னு கையெழுத்துப் போட்டவனும் நீதானே? ரெண்டுல எது பொய்?'ன்னு கேட்டாங்க. பேனர்தான் பொய்னு சொன்னேன். மறுபடி மறுபடி கேட்டாங்க. பதினொரு மாசமும் அதையேதான் சொன்னேன். அவன் ரோட்டுலதான் செத்தான், யாரும் சுடலை, எனக்கு அழுகை ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். எங்க அக்கா வயித்துல பொறந்தவனைப் பத்தி இந்த வாயால சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை, அண்ணே. அழுதேன். ஒன்பது வயதுக்காரன் மாதிரி உங்கள் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவர் மடங்காத விரல்களோடு என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "முதல்ல இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு" என்றார். "அப்புறம் ஒரு நாள் அந்தத் தாளை மேஜைமேல விட்டுட்டு ஆபீசர் வெளிய போனான். எங்க பையன் பொறந்ததுலருந்து எடுத்த படத்தையெல்லாம் வீட்டுல புகுந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க இல்ல, அவன் முகத்தை அன்னைக்குத்தான் மறுபடி பாத்தேன். வெள்ளைக் கோட்டு. நல்லா இருந்தான்."

பிறகு ஒன்று கேட்டார். உங்களுக்காக நான் ஏதாவது செய்யப்போகிறேன் என்று உங்கள் மகள் சொல்லியிருந்தாள். ஹாலில் வைக்க ஒரு படம், கீழே இரண்டு வரி, அவ்வளவுதான் அவள் கேட்டது. "அதுல என் பேரைப் போடுங்க. படத்தோட. தம்பின்னு போடுங்க" என்றார். எட்டு நாளில் அவர் கெய்ரோவுக்குத் திரும்ப வேண்டும். வேண்டாமே என்றேன். "எங்க அக்கா மகனுக்குத்தான் இல்லைன்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கும் சொல்லணுமா?" என்றார். சரி, போடுகிறேன் என்றேன்.

போடவில்லை. நீங்கள் என்னிடம் செய்ததை நான் அவரிடம் செய்தேன்: நல்லதுக்கென்று ஒரு பொய். சரி என்று சொல்லிவிட்டு, உங்கள் படத்தை மட்டும் போட்டு, கீழே உங்கள் மனைவி பெயரும் மகள் பெயரும் சேர்த்து, ஒரு அட்டையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை என் பெயரும் இல்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதுதாங்க சரி" என்றாள்.

அதே ஹால். இந்த முறை நாற்காலி போதவில்லை, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி உள்ளே வந்ததும் நேராக அட்டைக்கு முன்னால் போய் நின்றார். மேலிருந்து கீழ்வரை படித்தார், நீங்கள் அன்று வேலிக்கு வெளியே நின்று படித்தது போலவே. என் பக்கம் திரும்பவில்லை. வந்தவர்கள் எழுதுவதற்காக ஒரு நோட்டும் கறுப்பு மார்க்கரும் உங்கள் மகள் வைத்திருந்தாள். அந்த மார்க்கரை எடுத்தார். அட்டையின் அடியில், வலமிருந்து இடமாக, தன் பெயரை எழுதினார். அதோடு உங்கள் அப்பா பெயர், தாத்தா பெயர். மூன்று பெயர்களும் ஒழுங்காக, எழுத்துக்கூட நடுங்காமல். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். என்ன அது என்று உங்கள் மகளைக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: இன்னாரின் தாய்மாமன் என்று எழுதியிருக்கிறார், அக்கா மகன் பெயரைப் போட்டு.

ஓரத்தில் இருந்த இருவர் மெதுவாக எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். உங்கள் தம்பியும் பார்த்தார். மார்க்கரை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஃபோன் வெச்சிருக்கீங்களா, அண்ணே? படம் எடுங்க. நானும் தெரியற மாதிரி" என்றார். அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். எடுத்தேன். அவர் பார்க்கக் கேட்டார், காட்டினேன். பெயர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாருக்கும் அனுப்ப வேண்டாம். வெச்சுக்கங்க" என்றார். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, வண்டி மோதிச் செத்தான்னுதான் சொல்லுவாங்க. அன்னைக்கு இதை வெச்சுப் பெரிசா ஒண்ணு அடிங்க. அப்பவாச்சும் என் பேரை விட்டுராதீங்க."

நான் சரி என்றேன். இந்தச் சரியை மட்டும் மீறமாட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் என்னிடம் கேட்டார்.

அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மகளைக் கூப்பிடுகிறார். அவள் உடனே எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுவாள். அந்த மெசேஜ் வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை ஓடுவதில்லை. நீங்கள் எஸ்கலேட்டரில் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே காத்திருப்புதான், அண்ணே, இப்போது உங்கள் முகம் மட்டும் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு ஊரில் இருக்கிறவர், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிய ஒரு பெயருக்கு நான் காவல். ஊரெல்லாம் பார்க்கப் பேனர் அடிக்கத் துடித்தவன், அந்தப் படத்தை என் மனைவிக்குக்கூட இன்னும் காட்டவில்லை. அந்தப் பேனரை அடிக்கும் நாள் என் ஆயுசில் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். வந்தால் அடிப்பேன்.